ஓடையில் வந்த நுரை

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, செந்தமிழ்ச்செல்வி கத்திரிக்கோலை எடுத்தாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த நேரத்துக்கு எந்தக் கடையிலும் ஆள் இருக்காது. கடைக்காரர்கள் சாப்பிடப் போவார்கள், அல்லது கல்லாவிலேயே சாய்ந்து கண்ணை மூடுவார்கள். செல்விக்கு அது வேலை நேரம். பின்கட்டு அறையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு பூரிக்கட்டை, அட்டைப்பெட்டி நிறைய ஷாம்பு பாக்கெட் சரங்கள். சரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து, ஒரு மூலையில் சாய்வாக ஒரு வெட்டு, எதிர் மூலையில் காற்றுப் போக ஒரு சின்ன வெட்டு. பேசினில் கவிழ்த்துப் பூரிக்கட்டையால் ஒரு தேய். காலி கவர் சாக்குக்குள். அடுத்தது.

தினமும் நூற்றைம்பது, இருநூறு பாக்கெட். எட்டு மாதமாக.

பேசினில் சேர்ந்தது, கடையின் முன்பக்கம் குழாய் வைத்து நிற்கிற நீல டிரம்முக்குப் போகும். டிரம்மின் மேல் அவளே அழகாக எழுதி ஒட்டியிருந்தாள்: ‘ஷாம்பு. பாட்டில் உங்களுடையது.’

கடைக்கு அவள் வைத்த பெயர் ‘பசுமை அளவை’. ஊர் வைத்த பெயர் ‘காலி டப்பா கடை’. வருகிறவர்கள் வீட்டிலிருந்து டப்பாவோ பாட்டிலோ தூக்குச்சட்டியோ கொண்டு வரவேண்டும். துவரம்பருப்பு, உளுந்து, நாட்டுச் சர்க்கரை, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், மலையிலிருந்து வரும் சாமை, புளி எல்லாம் அளந்து ஊற்றுவாள், கொட்டுவாள். கவர் கிடையாது. கேட்டாலும் கிடையாது. ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. அப்புறம் பழகியது. கருணாபுரத்துப் பெண்கள் வேலை முடிந்து போகிற வழியில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துவந்து அதிலேயே பருப்பு வாங்கிப் போனார்கள். அதெல்லாம் பொய்யில்லை. ஷாம்பு டிரம் ஒன்றுதான் பொய்.

முதலில் அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. விழுப்புரம் பக்கத்தில் ஒருவர் கேனில் அனுப்பினார். வந்த பெண்கள் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். "இன்னாக்கா, பாத்திரம் கழுவுற வாசன வருது" என்றாள் ஒருத்தி. "நுரையே வரல, தலை முடி தேங்கா நாராட்டம் ஆயிடுச்சு" என்றாள் இன்னொருத்தி. அவர்களுக்கு வேண்டியது டி.வி.யில் வரும் பச்சை ஷாம்பு. ஒரு வாரம் கேன் வரவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு செல்வி பாக்கெட் சரம் வாங்கி வெட்டினாள். பெரிய பாட்டிலில் வாங்குவதைவிடச் சின்னப் பாக்கெட்டில் வாங்கினால் மலிவு என்பது தமிழ்நாட்டில் எந்தப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். அந்த வாரம் டிரம் மூன்று நாளில் காலியானது. அதற்கப்புறம் கேன்காரருக்கு அவள் போன் செய்யவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினாள். ‘நம்ம ஊர்க் குப்பைக்குப் போகாத ஷாம்பு பாக்கெட்டுகள்’ என்று மேலே எழுதி, கீழே ஓர் எண். ஒருவர் நூறு மில்லி வாங்கினால் பதினாறு பாக்கெட் மிச்சம் என்று கூட்டிக்கொண்டே வந்தாள். இன்றைய எண் நாற்பத்தோராயிரத்து முந்நூறு.

ஷட்டரை இறக்குவதற்குச் சற்று முன்னால்கூட தனுஷா வந்து போனாள். நர்சிங் படிக்கிற பெண். வாராவாரம் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வருவாள்; அன்று மட்டும் பாட்டில் இல்லாமல் வந்தாள்.

"அக்கா, எங்க காலேஜ்ல உங்க கடையப் பத்தி செமினார் எடுத்தன். மேடம் கையத் தட்டிட்டாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறன்க்கா, போர்டு பக்கத்துல நில்லுங்க."

செல்வி நின்றாள். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கன்னம் வலிக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலி கவர்களை என்ன செய்வது என்பது முதல் மாதமே வந்த பிரச்சினை. பழைய சாமான் வாங்குகிறவர் கையை விரித்துவிட்டார். "இந்தக் கவரு வாணாம்மா. இத எவனும் எடுக்க மாட்டான்" என்றார். நகராட்சிக் குப்பை வண்டியில் போட முடியாது. தள்ளிக்கொண்டு வருகிற பெண்கள் எந்த வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லுவார்கள். காலி டப்பா கடையிலிருந்து மூட்டை மூட்டையாக பாக்கெட் கவர் வந்தால் சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துவிடும்.

அவள் கணவன் இளஞ்செழியன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாமையும் புளியும் ஏற்றிவரத் தன் குட்டி யானை வண்டியில் கல்வராயன் மலைக்குப் போவான். போகும்போது வண்டி காலி. சாக்கைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொள்வான்.

"எங்க போடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மேல ஒரு எடம் இருக்கு."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். பால் பொங்கவில்லை. அடுப்பையே அன்றைக்கு இன்னும் பற்றவைக்கவில்லை.

இப்போது யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"அம்மா! செல்வியம்மா! உள்ள இருக்கீங்களா?"

செல்வி பேசினின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினாள். முனியன் நின்றார். கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கிற விவசாயி. சாமை அவரிடமிருந்துதான் வருகிறது. தோளில் ஒரு சிமெண்ட் சாக்கு. வேட்டியில் செம்மண்.

"வாங்க முனியன் அண்ணே. சாமையா? வண்டிதான் வருமே, நீங்க எதுக்குத் தூக்கிகினு..."

"சாமை இல்லம்மா. இத நீங்கதான் பாக்கணும்."

சாக்கைக் கடைத் தரையில் கவிழ்த்தார். சேறும் இலையும் கலந்து பச்சைப் பச்சையாகப் பாக்கெட் கவர்கள் சரிந்தன. செல்வி ஒன்றைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் சாய்வான வெட்டு. எதிர் மூலையில் சின்ன வெட்டு.

"இன்னாண்ணே இது?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம எங்க ஊரு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதும்மா. அதுக்குத் தண்ணி எப்பவும் ஓடையிலதான் எடுப்போம். சனிக்கெழம ராவுல நல்ல மழ. காலையில கொடத்தத் தூக்கிகினு மோளத்தோட போறோம், ஓடை பூராவும் நுரை! வெள்ள வெளேர்னு முட்டி ஒசரத்துக்கு. பொம்பளைங்க பயந்துபோயி ஆத்தா கோவிச்சிகினான்னு கத்தறாங்க. மோந்து பாத்தா ஷாம்பு வாசன."

செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கொடத்துத் தண்ணியக் கீழ ஊத்திட்டம். கூழு ஊத்தல. எனக்குத் தெரிஞ்சி இதுதாம்மா மொத தரம். அப்புறம் ஓடையோடவே மேல ஏறிப் போயிப் பாத்தா, ரோட்டு வளைவுக்குக் கீழ பள்ளத்துல மூட்ட மூட்டயா கெடக்குது. பாதி சாக்கு கிழிஞ்சி தண்ணியில வந்துகினு இருக்குது."

"யாரு போட்டாங்கன்னு..."

"அதான் சண்ட. ஓடைக்கு மேல இருக்கறது ஒரே கடை, பெரியம்மாளோடது. அந்தம்மாதான் பாக்கெட்டு விக்குது. ஊருல எல்லாரும் அது மேலதான் சொல்றாங்க. அது இல்லவே இல்லங்குது. வர்ற வெள்ளிக்கெழம கோயில்கிட்ட கூட்டம். சூடம் அடிச்சி சத்தியம் பண்ணணும். அப்பவும் ஊரு நம்பலன்னா கடைய மூடணும்னு பேச்சு."

முனியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையைச் செல்வியால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா சொன்னன். டவுன்ல நமக்குத் தெரிஞ்ச அம்மா இருக்காங்க, பிளாஸ்டிக்கே வாணாம்னு கடை நடத்தறவங்க, அவங்க வந்து பாத்தா எந்தக் கடைச் சரக்கு, எப்ப வந்ததுன்னு சொல்லிடுவாங்கன்னு. ஊருல சரின்னுட்டாங்க. நீங்க வரணும்."

"எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?"

வரமுடியாது என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் தேட வேண்டும். "வரேண்ணே" என்றாள்.

சாயங்காலம் இளஞ்செழியன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடையிலயா போட்டீங்க?"

"ஓடையில எங்க போட்டன்? பள்ளத்துல போட்டன். ஓடை கீழ இருக்குது."

"மழ பெஞ்சா தண்ணி எங்க போவும்?"

"ஏன்டி, இப்ப என்ன கேக்கறியே, எங்க போடணும்னு நீ சொன்னியா? கண்ணுல படாத எடமா இருந்தா போதும்னு இருந்தது யாரு?"

அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"தோ பாரு. மேல அருவிக்கு வாரத்துக்கு ஆயிரம் பேரு வண்டி போட்டுகினு வர்றான். டூரிஸ்ட்டு போட்டதுன்னு சொல்லிட்டு வா. அந்தம்மாவுக்கும் கடை போவாது, நம்ம பேரும் கெடாது. யாருக்கு நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பட்டது. அதனால்தான் மூன்று நாளும் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பாக்கெட் வெட்டவில்லை. டிரம் காலியானது. கேட்டவர்களிடம் லோடு வரவில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினாள். இளஞ்செழியன் கூட வரவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் புதருக்குள் வெள்ளைச் சாக்கின் நுனி தெரிந்தது. முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கரியாலூரில் முனியன் காத்திருந்து அழைத்துப்போனார். மாரியம்மன் கோயில் என்பது வேப்பமரத்தடியில் ஒரு சின்ன சிமெண்ட் கட்டடம். ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். எல்லாரும் தரையில். அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி. யாரோ ஓடிப்போய் டீ கொண்டுவந்தார்கள். கண்ணாடி டம்ளர்.

"பேப்பர் கப்பு வெக்கலம்மா. உங்களுக்குப் பிடிக்காதுன்னு முனியன் சொன்னாரு" என்றாள் டீ கொடுத்த பெண்.

ஊர்ப் பெரியவர் கந்தசாமி எழுந்து நின்றார். "இந்தம்மா டவுன்லேர்ந்து நமக்காக வந்திருக்காங்க. அவங்களுக்கும் நமக்கும் பகை கெடையாது, ஒறவும் கெடையாது. அதனால அவங்க சொல்றது நேர்மையா இருக்கும்."

நடுவில் சாக்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பச்சைக் குவியல், இடுப்பு உயரத்துக்கு. பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் சூடம். அதற்கு எதிரில் பெரியம்மாள் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைக்குக் குளித்து ஈர முடியை நுனியில் முடிந்திருந்தாள். முகத்தில் பயமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

"பாருங்கம்மா. பாத்து உள்ளதச் சொல்லுங்க" என்றார் கந்தசாமி.

செல்வி எழுந்துபோய்க் குனிந்தாள். ஒரு கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மூன்று நாள் சொல்லிப் பார்த்த வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது.

"இது உள்ளூர் சரக்கு இல்லைங்க. அருவிக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க போட்டதா இருக்கும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. முனியன் "நான் சொல்லல?" என்று பக்கத்து ஆளைப் பார்த்தார். முடிந்தது என்று செல்வி நினைத்தாள். பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தாள்.

"இரும்மா" என்றாள் பெரியம்மாள்.

காப்பாற்றப்பட்டவள் வாயைத் திறந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "அதான் நீ இல்லன்னு ஆயிடுச்சே, இன்னும் இன்னா?" என்று ஒரு கிழவர் அதட்டினார்.

"நான் இல்லன்னு ஆனா போதுமா? யாருன்னு தெரிய வாணாமா? அஞ்சு நாளா எங்கடைக்கு ஒரு ஜீவன் வரல. தண்ணி கேட்டு வர்ற மாடுகூட அந்தாண்ட போவுது. இனிமேட்டு எவனாவது குப்பை போட்டா மறுபடியும் பெரியம்மாளா?" குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி கவர்களை அள்ளினாள். "ஏம்மா, இங்க இருக்கறவங்க ஷாம்பு பாக்கெட்ட எப்பிடிப் பிரிப்பீங்க?"

"எப்பிடிப் பிரிப்பாங்க? பல்லுல கடிச்சிதான்" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது.

"பல்லு இல்லாதவங்க?"

"பக்கத்துல குளிக்கறவகிட்டக் குடுப்பாங்க!"

"ஆங்! அருவியில குளிக்க வர்றவனும் கை ஈரம், பல்லுலதான கடிப்பான்? பேண்ட்டு பாக்கெட்டுல கத்திரிக்கோல் வெச்சிகினா வர்றான்?" கவர்களை உயர்த்திக் காட்டினாள். "இத்தினியும் கத்திரிக்கோல்ல வெட்டினது. இந்தாண்ட ஒண்ணு சாச்சி, அந்தாண்ட சின்னதா ஒண்ணு. ஒண்ணுகூட மாறல. இது ஆயிரம் பேரு போட்டதில்ல. ஒரே கை."

கந்தசாமி ஒன்றை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் கொடுத்தார். கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு இளவட்டம் கத்தினான்: "கத்திரிக்கோல்னா நம்ம சலூன் அஜித்துதான்! அவன் கடையிலதான் ஷாம்பும் இருக்குது!"

"ஆமா! போன மாசம்தான் தல கழுவ புதுசா குழா போட்டான்!"

"அந்தப் பய கம்முனு இருக்கறப்பவே நெனச்சன்!"

"போயி கூட்டியாங்கடா அவன! வரலன்னா இழுத்துகினு வாங்க!"

இரண்டு பேர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எப்போது கோபமானது என்று செல்விக்குத் தெரியவில்லை. அஜித் யாரென்றும் தெரியாது. ஆனால் இன்னும் ஐந்து நிமிடத்தில் எங்கோ யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருப்பவன் கையில் கத்திரிக்கோலோடு இங்கே வந்து நிற்பான். இந்தச் சூடம் அவனுக்கு எதிரில் எரியும். யாருக்கு நஷ்டம் என்று இளஞ்செழியன் கேட்டானே!

"கத்திரிக்கோல் என்னுது" என்றாள் செல்வி.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவரக் கூப்பிடாதீங்க!" கத்திவிட்டாள். "வெட்டினது நான். எங்கடையில. டிரம்முல ஊத்தறதுக்கு. சாக்க மேல கொண்டாந்து போட்டது எங்க வூட்டுக்காரர். எட்டு மாசமா."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அறுபது பேரும் அவளைப் பார்க்காமல் முனியனைப் பார்த்தார்கள். அதுதான் அவளைக் கொன்றது. கூட்டிவந்தது அவர். நேர்மையான அம்மா என்று ஊருக்குச் சொன்னது அவர்.

முனியன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"மொத மூட்டைய உங்க கடைக்குத்தாம்மா தூக்கியாந்தன்" என்றார் மெதுவாக. "கவுத்துக் காட்டினன். அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"நான் பேசிகினு இருந்தப்ப... நீங்க இன்னா நெனச்சிகினு இருந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்கட்டில் பேசினைச் செய்தித்தாள் போட்டு மறைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, இவர் எப்போது கிளம்புவார் என்றுதான் செல்வி நினைத்துக்கொண்டிருந்தாள். அதை எப்படிச் சொல்லுவது?

கந்தசாமி தொண்டையைச் செருமினார். "அபராதம் போடலாமான்னு சில பேரு கேப்பீங்க. வாணாம். காசு கட்டிட்டு எறங்கிப் போயிட்டா அதோட முடிஞ்சிடும். போட்டவங்களே எடுக்கட்டும். ஓடையில ஒரு கவரு மிச்சம் இருக்கக் கூடாது."

"எடுக்கறங்க" என்றாள் செல்வி.

"எனக்கு?" என்றாள் பெரியம்மாள். "எனக்கு இன்னா சொல்றீங்க ஊருக்காரங்க? என்னக் கேக்காமலே கடைய மூடறதுன்னு பேசினீங்களே?"

இப்போது ஊர் தரையைப் பார்த்தது. கந்தசாமி சூடத் தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "வர்ற ஞாயித்துக்கெழம கூழு ஊத்துவோம். மொத சொம்பு உன் வூட்டுக்கு வரும்" என்றார்.

"வந்தாப் பாப்போம்" என்றாள் அவள்.

செல்வி இளஞ்செழியனுக்குப் போன் செய்தாள். "வண்டி எடுத்துகினு மேல வாங்க. காலி சாக்கு எத்தினி இருக்கோ அத்தினியும் கொண்டாங்க. சொல்லிட்டன்." "வரன்" என்றான்.

அவன் வருவதற்குள் அவள் பள்ளத்தில் இறங்கிவிட்டாள். கவர்கள் எல்லா இடத்திலும் இருந்தன. வேரில் சுற்றிக்கொண்டு, கல்லிடுக்கில் செருகிக்கொண்டு, சேற்றுக்குள் பாதி முகம் காட்டிக்கொண்டு. ஒவ்வொன்றையும் இழுக்கும்போது உள்ளே மிச்சமிருந்த சொட்டு நுரைத்தது. பூரிக்கட்டையால் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு சொட்டு நிற்கத்தான் நிற்கும். அவள் நன்றாகத்தான் தேய்த்தாள். அப்படியும் நாற்பதாயிரம் சொட்டு.

நாற்பதாயிரம் என்ற எண் மனசில் வந்ததும் கை நின்றது. பலகையில் இருப்பதும் அதே எண்தான். குப்பைக்குப் போகவில்லை என்று அவள் எழுதிவைத்த ஒவ்வொரு பாக்கெட்டும் இங்கேதான் கிடந்தது. கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

இளஞ்செழியன் வந்து, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் முனியன் ஒரு அரிவாளோடு வந்து, புதரை வெட்டி வழி செய்து கொடுத்தார். "அண்ணே" என்றாள். அவர் திரும்பவில்லை. வழி செய்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நான்கு மணிக்கு, கோயில் வாசல் குவியலையும் சேர்த்துப் பதினோரு சாக்கு நிறைந்தது. ஓடையில் கண்ணுக்குத் தெரிந்து ஒரு கவரும் மிச்சமில்லை. மேலே ஏறியபோது பெரியம்மாள் தன் கடை வாசலில் நின்றிருந்தாள். கடை என்றால் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை. அதில் முறுக்குப் பாட்டில், தீப்பெட்டி, மேலே தொங்கும் பாக்கெட் சரங்கள். செல்வியின் கை முழங்கை வரை நாறியது.

"வாம்மா. கைய நீட்டு." சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். சேறு போனது, நாற்றம் போகவில்லை. பெரியம்மாள் சரத்திலிருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டைப் பிய்த்தாள். பல்லில் வைத்து ஒரு கடி. பிதுக்கிச் செல்வியின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"நான் இதத்தாம்மா விக்கறன். ஒளிச்சி ஒண்ணும் விக்கல. சரமாத் தொங்கவுட்டுத்தான் விக்கறன்" என்றாள்.

"தெரியும்மா."

"நீ எங்க சாமையெல்லாம் கவரு இல்லாமதான் விக்கறியாமே?"

"ஆமாம்மா. அது நெஜம்."

"அப்ப இத ஏன் இப்பிடிப் பண்ண?"

செல்வி கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை பொங்கியது. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் அது தரையில் ஓடி, சரிவில் இறங்கி, ஓடைப் பக்கமாகப் போனது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாளின் கையில் காலி கவர் இருந்தது. அதை நீட்டினாள். செல்வி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வண்டி கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போது ஆறு மணி. கடைத்தெருவில் நல்ல கூட்டம்.

"பின்பக்கச் சந்து வழியாப் போயிடறன்" என்றான் இளஞ்செழியன். "மூட்டைய உள்ள வெச்சிட்டு நாளைக்கு நிதானமா..."

"முன்னாடியே நிறுத்துங்க."

"செல்வி, தெருவே பாக்கும்."

"நிறுத்துங்க."

கடை வாசலில் தனுஷா நின்றிருந்தாள். கையில் கழுவித் துடைத்த கண்ணாடி பாட்டில். "எங்கக்கா போயிட்டீங்க? ரெண்டு நாளா ஷாம்பு இல்லன்னீங்களே, இன்னிக்காவது லோடு வந்துச்சா?" என்று வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

செல்வி முதல் சாக்கை இழுத்து இறக்கினாள். ஈரத்தில் கனத்தது. கட்டு அவிழ்ந்து, கால்வாசிக் கவர்கள் தனுஷாவின் செருப்புக்குப் பக்கத்தில் சரிந்தன. பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றது.

"இதுதாம்மா அந்த ஷாம்பு" என்றாள் செல்வி.

தனுஷாவுக்குப் புரியவில்லை. குனிந்து ஒரு கவரை எடுத்தாள். வெட்டைப் பார்த்தாள். நீல டிரம்மைப் பார்த்தாள். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, வாசலில் மாட்டியிருந்த பலகையின் பக்கம் தலையைத் திருப்பினாள். அவள் அந்த எண்ணைப் படித்து முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், செல்வி இரண்டாவது சாக்கை எடுக்கக் குனிந்தாள்.